கொலராடோ நதியின் சரித்திரம் – 14: வெள்ளத்துக்கு முன்னே வந்தவர்கள்

1922-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், சாந்தா ஃபே நகரத்துக்கு அருகிலிருந்த ஒரு விடுதியில் ஹெர்பர்ட் ஹூவரின் தலைமையில் கூடிய ஏழு மாகாணங்களின் பிரதிநிதிகள், கொலராடோ நதியின் ஜலத்தை மேற்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் தலா 75 லட்சம் ஏக்கர்-அடி, அதாவது நமக்குப் பழக்கமான கணக்கில் ஏறத்தாழ 327 டி.எம்.சி., என்று பங்கிட்டுக்கொண்டதையும், அந்தப் பங்கீட்டுச் சபையில் மெக்ஸிகோ தேசத்தாருக்கோ, நதிக்கரையில் ஆதிநாள் தொட்டு வாழ்ந்துவந்த பூர்வகுடிகளுக்கோ ஆசனம் அளிக்கப்படவில்லை என்பதையும் சென்ற பகுதிகளில் கண்டோம். அதன் பின்பு 1935-இல் ஹூவர் அணை திறந்துவைக்கப்பட்டது. 1944-இல் ஏற்பட்ட ஒப்பந்தம் மெக்ஸிகோவுக்கு ஆண்டொன்றுக்கு 15 லட்சம் ஏக்கர்-அடி, சுமார் 65 டி.எம்.சி., என்று வரையறுத்தது. 1950-இல் எல்லையில் எழுந்த மொரேலோஸ் அணை அந்தப் பங்கின் பெரும்பகுதியை மெக்ஸிகாலி சமவெளியின் வாய்க்கால்களுக்குத் திருப்பிவிட்டது. 1963-இல் கிளென் கான்யன் அணையின் மதகுகளும் மூடப்பட்டன. ராக்கி மலைகளில் பிறந்து, இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கலிபோர்னியா வளைகுடாவில் கலந்துவந்த ஒரு மகாநதி, பெருவெள்ளம் வந்த ஒரு சில வருஷங்கள் நீங்கலாக, கடலைக் காணாமலே மணலில் முடிந்துபோவது அன்று முதல் வழக்கமாயிற்று.

சட்டமும் கணக்கும் நதியை இரு தேசங்களுக்கிடையே பங்கிட்ட கதை அது. பங்கிட்ட பின் எஞ்சிய வறண்ட படுகையிலே, கூலிவேலை செய்வோரும், உழவரும், பூர்வகுடியினரும், தாவர சாஸ்திரிகளும், நகரசபை அங்கத்தினரும் ஒன்றுகூடி, மறைந்துபோன ஒரு வனத்தைத் திரும்ப நட்ட கதை இனி வருவது. 2014-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நதிக்கு விடப்பட்ட வெள்ளத்தை உலகப் பத்திரிகைகள் யாவும் கொண்டாடின. அவ்வெள்ளத்துக்கு முன்னே வந்து மண்ணைத் திருத்திவைத்தவர்களைப் பற்றி அவ்வளவாக எழுதப்படவில்லை. ஆயினும் அவர்கள் இல்லாதிருந்தால் அந்த ஜலத்தால் விளைந்திருக்கக்கூடிய நன்மை மிகச் சொற்பம் என்பதே இப்பகுதியில் நாம் நிரூபிக்க முயலும் விஷயம்.

வெள்ளமும் விதையும்

நதிப் பங்கீடு நடந்த அதே 1922-ஆம் ஆண்டில், பிற்காலத்தில் வனவியல் அறிஞராகப் புகழ் பெற்ற அல்டோ லியோபோல்டு, தம் சகோதரருடன் ஒரு சிறு தோணியில் இந்த டெல்டாவைச் சுற்றிவந்தார். பச்சைநிறக் காயல்கள், பல கிளைகளாகப் பிரிந்து வழி தெரியாமல் சுற்றும் ஓடைகள், கரையெங்கும் காட்டன்வுட், வில்லோ, மெஸ்கீட் மரங்கள், கணக்கற்ற நீர்ப்பறவைகள் ஆகியவற்றை அவர் அங்கே கண்டார். அன்று ஏறக்குறைய எட்டு லட்சம் ஹெக்டேர் பரந்திருந்த அந்த டெல்டா, மழையே அரிதான சொனோரன் பாலைவனத்தின் நடுவில் எப்படி உயிர் வாழ்ந்தது என்பதை அறிந்தால்தான், அது எப்படி அழிந்தது என்பதும் விளங்கும்.

காட்டன்வுட் என்பது பாப்லர் இனத்து மரம். வசந்த காலத்தில் அதன் காய்கள் வெடித்து, பஞ்சு சூழ்ந்த நுண்ணிய விதைகள் காற்றில் மிதந்து செல்லும். அவ்விதைகளின் ஆயுள் சில வாரங்களே. அந்தக் குறுகிய காலத்துக்குள், வேறு செடிகளின் நிழல் படாததும் ஈரம் உலராததுமான புதுவண்டலில் விழுந்தாலன்றி அவை முளைப்பதில்லை. முளைத்த பின்னரும், வெள்ளம் சட்டென்று வற்றிவிடாமல் மெல்ல மெல்ல வடிந்து, நிலத்தடி நீர் படிப்படியாகக் கீழிறங்கினால்தான் இளவேர் அதைத் தொடர்ந்து சென்று பிழைத்துக்கொள்ளும். வில்லோவின் தன்மையும் ஏறக்குறைய இதுவே. மலைகளில் பனி உருகி ஆண்டுதோறும் பெருகிவந்த வெள்ளம் பழைய புதர்களை அரித்து, புதுவண்டலைப் பரப்பி, மண்ணிலிருந்த உப்பையும் கழுவிச்சென்றதால், இந்த மரங்கள் யாரும் விதைக்காமலே தலைமுறை தலைமுறையாகத் தழைத்துவந்தன.

அணைகள் வெள்ளத்தையும் வண்டலையும் ஒருங்கே தடுத்துவிட்டபோது, நின்ற மரங்கள் முதிர்ந்து மடிந்தனவேயன்றி, அவற்றின் இடத்தில் புதுக்கன்று ஒன்றும் எழவில்லை. காலியான கரையை, பழைய உலகத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழகுக்காகவும் காற்றுத் தடுப்புக்காகவும் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட டாமரிஸ்க் என்னும் புதர்மரம் கைப்பற்றிக்கொண்டது. அது வசந்தம் தொட்டு இலையுதிர்காலம் வரை ஓயாமல் விதை சிந்துவது, வெள்ளத்தின் வருகைக்குக் காத்திராதது, உவர்நிலத்தையும் பொறுப்பது. வேரால் உறிஞ்சிய உப்பை அது இலைகளின் வழியே கசியவிடுகிறது. உதிர்ந்த இலைகள் மேல்மண்ணை இன்னும் உவராக்குகின்றன. கழுவிச்செல்ல வெள்ளமும் வராதபடியால், பூர்வீக மரங்களின் விதை தப்பித்தவறி வந்து விழுந்தாலும் அங்கே அதற்குப் பிழைப்பில்லை. இராமநாதபுரம் ஜில்லாவில் சீமைக்கருவேலம் செய்திருக்கும் காரியத்தை அறிந்த நம் வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு விசித்திரத்தைக் குறிப்பிட வேண்டும்: நம் ஊர்க் குளங்களை ஆக்கிரமித்த அந்தச் சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, கொலராடோ கரையில் இன்று மக்கள் பாடுபட்டு நட்டு வளர்க்கும் மெஸ்கீட் அதே இனத்தைச் சேர்ந்தது. பிறந்த மண்ணில் பறவைக்குக் கூடும் மனிதனுக்கு மாவும் கொடுத்த ஒரு குலம், இடம் மாறிய பின்னர் வேறு குணம் காட்டுகிறது.

டெல்டா மாண்டுபோயிற்று என்று எல்லோரும் தீர்மானித்திருந்த காலத்தில், 1983-ஆம் ஆண்டிலும் அதையொட்டிய வருஷங்களிலும் பனி அளவுக்கு மிஞ்சிப் பெய்து, அணைகள் நிரம்பி வழிந்து, வேண்டாத உபரி நீர் பழைய படுகை வழியே கடலுக்கு ஓடியது. யாரும் எதிர்பாராத வண்ணம் கரையோரங்களில் காட்டன்வுட்டும் வில்லோவும் முளைத்தெழுந்தன. அரிஸோனா சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்வர்ட் கிளென் முதலிய ஆராய்ச்சியாளர்கள் மெக்ஸிகோ நாட்டு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து இதைப் பரிசீலித்து, நதி முழுவதையும் திருப்பித்தர வேண்டியதில்லை, சில ஆண்டுகளுக்கொரு முறை ஒரு சிறு வெள்ளமும் இடைக்காலத்தில் அற்ப சொற்பமான ஓட்டமும் இருந்தாலே போதும் என்ற முடிவுக்கு வந்தார்கள். பின்னர் நடந்தவை யாவற்றுக்கும் இந்த முடிவே அஸ்திவாரமாயிற்று.

யூமாவில் ஒரு பாலம்

எல்லைக்குச் சற்று வடக்கே, நதியின் ஒரு கரையில் அரிஸோனா மாகாணத்து யூமா நகரமும், எதிர்க்கரையில் 1884-இல் க்வெட்சான் குடியினருக்கென்று ஒதுக்கப்பட்ட நிலமும் இருக்கின்றன. வில்லோக் கழிகளையும் அம்புச்செடித் தண்டுகளையும் கொண்டு வீடு கட்டி, மெஸ்கீட் காய்களை இடித்து மாவாக்கி உண்டு, வெள்ளம் வடிந்த ஈரநிலத்தில் பயிர் செய்து வாழ்ந்த அந்த மக்களுக்கும், பிற்காலத்தில் வந்து குடியேறிய நகரத்தாருக்கும் இடையே நிலவிய மனத்தாங்கல்கள் பல. இரு கரைகளையும் இணைப்பதற்கென 1915-இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலம் 1988-இல் வாகனப் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. பாலத்துக்குக் கீழே நதிக்கரை முழுவதும் டாமரிஸ்க் புதர்களும் நாணலும் அடர்ந்து, குப்பை கொட்டும் இடமாகி, நகரத்தார் தங்கள் நகரத்தைப் பிறப்பித்த நதிக்கே முதுகைக் காட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள்.

நகரசபையும் க்வெட்சான் குடியினரும் முதன்முதலாக ஒன்றுசேர்ந்து செய்த காரியம் மரம் நடுவதன்று. பாலத்தைப் பழுதுபார்த்து 2002-இல் மீண்டும் திறந்ததேயாகும். அவ்வேலையில் பிறந்த நம்பிக்கையே அடுத்த காரியத்துக்கு வித்தாயிற்று. நதிக்கரை நிலம் நகரசபைக்கும், பூர்வகுடிக்கும், மாகாண அரசாங்கத்துக்கும், தனிப்பட்டவர்களுக்குமாகத் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. ஒருவர் தம் துண்டில் புதரை வெட்டினால் அடுத்த துண்டிலிருந்து விதை பறந்து வந்துவிடும் என்பதால், எல்லோரும் சம்மதித்தாலன்றி யாரும் தொடங்குவதில் பிரயோஜனமில்லை. அந்தச் சம்மதத்தைப் பெற்ற பிறகு, 2004 முதல் வேலை நடந்தது. யந்திரங்களால் டாமரிஸ்க்கை வேரோடு பெயர்த்தார்கள். மண்மூடிப்போன பக்க ஓடைகளைத் திரும்ப வெட்டினார்கள். நிலத்தின் உப்பை இடத்துக்கு இடம் சோதித்து, மிகவும் உவரான பகுதிகளில் உவர்ப்புல்லையும், சற்றே இனித்த பகுதிகளில் மெஸ்கீட்டையும், ஓடையோரங்களில் காட்டன்வுட்டையும் வில்லோவையும் நட்டு, பாசன நீரைத் தேக்கி உப்பைக் கீழே இறக்கினார்கள். ஏறத்தாழ 400 ஏக்கர் இவ்வாறு திருந்தியது. நதிக்கரை வனத்தை மனிதர் திரும்ப உண்டாக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவைப்படவில்லை.

ஜலத்தை விலைக்கு வாங்கியவர்கள்

எல்லைக்குத் தெற்கே நிலைமை இன்னும் கடினமானது. யூமாவில் நதி மெலிந்திருந்தாலும் ஓடிக்கொண்டிருந்தது; மொரேலோஸ் அணைக்குக் கீழே ஓடவேயில்லை. அங்கே ஜலத்தின் பெரும்பகுதி உழவர்களுக்குச் சொந்தம். அந்த உரிமையும் இலேசாகக் கிடைத்ததன்று. மெக்ஸிகாலி சமவெளியின் பெரும்பகுதி ஒரு காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பத்திரிகை முதலாளி ஹாரி சாண்ட்லரின் கூட்டத்தார் நடத்திய ஓர் அந்நியக் கம்பெனிக்கு உடைமையாக இருந்தது. 1937-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் தேதி நிலமற்ற உழவர்கள் அந்த வயல்களில் புகுந்து கைப்பற்றினார்கள். அதன் விளைவாக நிலம் எஹீதோ எனப்படும் கிராமக் கூட்டுடைமைகளாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தின் பேரப்பிள்ளைகளிடம் சென்று, பறவைகளுக்காக உங்கள் தண்ணீரை விட்டுக்கொடுங்கள் என்று கேட்பது எத்தகைய காரியம் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே யாரும் தானம் கேட்கவில்லை. நியாயமான கிரயம் பேசினார்கள். ப்ரோநாத்துரா நோரொஎஸ்தே என்னும் மெக்ஸிகோ நாட்டு ஸ்தாபனமும் அதன் நண்பர்களும் 2008-இல் ஒரு நீர் அறக்கட்டளையை நிறுவி, நிலம் உவராகிப்போனவர்கள், உழவை விட்டு வேறு தொழிலுக்குச் சென்றவர்கள், விரும்பி முன்வந்தவர்கள் ஆகியோரிடமிருந்து பாசன உரிமைகளை விலைக்கும் குத்தகைக்கும் வாங்கினார்கள். வயலுக்குச் சென்றுகொண்டிருந்த அதே வாய்க்கால் வழியாக, உழவர்களின் பாசன சங்கங்களே அந்த ஜலத்தை நதிப்படுகையில் நின்ற கன்றுகளுக்குக் கொண்டுசேர்த்தன. விரோதம் மூண்டிருக்கக்கூடிய இடத்தில் ஒரு வியாபாரம் நடந்தது. அந்த வியாபாரத்திலிருந்து நாளடைவில் ஒரு நட்பும் உண்டாயிற்று.

ஜலத்துக்கு வழி பிறந்தது, நிலத்துக்கு? மெக்ஸிகோவின் சட்டப்படி ஆற்றுப்படுகை மத்திய அரசாங்கத்தின் சொத்து. அதில் வேலை செய்ய அனுமதி பெற்று, சொனோரன் இன்ஸ்டிட்யூட் என்னும் ஸ்தாபனம் லகூனா கிராண்டே என்ற இடத்திலும், ப்ரோநாத்துரா மிகேல் அலெமான் என்ற இடத்திலும் டாமரிஸ்க்கை அகற்றத் தொடங்கின. சுற்றுப்புற எஹீதோக்களைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் நாற்றங்கால்களில் காட்டன்வுட், வில்லோ போத்துகளை வேர்விடச் செய்தார்கள். மெஸ்கீட் விதைகளை முளைக்க வைத்தார்கள். கால்வாய் வெட்டி, வரிசை பிடித்து நட்டு, கோடையின் உக்கிரத்தில் நீர் பாய்ச்சிக் களை பறித்தார்கள். மாதச் சம்பளத்துக்கு வந்தவர்களே அவர்களில் பெரும்பாலோர். அதனால் அந்த வேலையின் மதிப்பு குறைந்துவிடவில்லை. பிழைப்புக்கு வழியில்லாமல் எல்லை கடந்து போவோர் மலிந்த ஒரு பிரதேசத்தில், மரம் வளர்ப்பதே பிழைப்பாக அமைந்ததனால்தான் வருஷக்கணக்கில் தொடர்ந்து செய்ய வேண்டிய அந்தக் காரியம் நடுவில் நின்றுபோகாமல் நடந்தேறியது.

பூகம்பம் தந்த சந்தர்ப்பம்

இந்தச் சிறு சிறு முயற்சிகள் இரண்டு அரசாங்கங்களின் கவனத்தை ஈர்ப்பதற்கு ஒரு விபத்து உதவியாயிற்று. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி, 7.2 அளவுள்ள ஒரு பூகம்பம் மெக்ஸிகாலி சமவெளியைக் குலுக்கி, வாய்க்கால்களைப் பிளந்து, திரளான வயல்களுக்குப் பாசனம் இல்லாமல் செய்துவிட்டது. தனக்கு உரிய ஜலத்தைப் பெற்று வைத்துக்கொள்ள மெக்ஸிகோவிடம் அப்போது வழியில்லை. ஹூவர் அணையின் நீர்த்தேக்கமாகிய, நெடுநாள் வறட்சியால் தாழ்ந்துகொண்டிருந்த மீட் ஏரியில் ஒவ்வோர் அடி நீரும் அமெரிக்காவுக்கு அருமையாக இருந்தது. மெக்ஸிகோவின் பங்கை அந்த ஏரியிலேயே தேக்கிவைக்கலாம் என்று அவ்வாண்டு டிசம்பரில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 1944-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குத் துணையாக எழுதப்படும் இத்தகைய உடன்பாடுகளை ‘மினிட்’ என்று வழங்குவது இரு தேசங்களின் கூட்டு எல்லை ஆணையத்தின் மரபு. இது மினிட் 318.

ஒருவருக்கொருவர் உதவுவது இருவருக்கும் ஆதாயம் என்பது அனுபவத்தில் தெரிந்த பிறகு, 2012-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் தேதி மினிட் 319 கையெழுத்தாயிற்று. அதில், இரு தேசங்களும் சேர்ந்து 1,05,392 ஏக்கர்-அடி, சுமார் 4.6 டி.எம்.சி., நீரை ஒரு வெள்ளமாக நதிக்கு விடுவதென்றும், அடிப்படை ஓட்டத்துக்கு வேண்டிய 52,696 ஏக்கர்-அடியை அரசு சாராத ஸ்தாபனங்களே தேடித் தருவதென்றும் தீர்மானமாயிற்று. இந்த இரண்டாவது விதியைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். இரு அரசாங்கங்கள் செய்துகொண்ட உடன்படிக்கையில், சாதாரண ஜனங்களின் சங்கங்கள் ஒரு தரப்பாக நின்று இவ்வளவு ஜலம் தருவோம் என்று வாக்களித்தன. அறக்கட்டளையின் கையில் உழவர்களிடமிருந்து வாங்கிய உரிமைகள் முன்னமே இருந்ததனால்தான் அப்படி வாக்களிக்க முடிந்தது.

எட்டு வாரங்கள்

2014-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி மொரேலோஸ் அணையின் மதகுகள் திறக்கப்பட்டு, மே 18-ஆம் தேதி மூடப்பட்டன. நதியின் சராசரி ஆண்டுப் பிரவாகத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான அந்த நீர், முன்பு சொன்ன காட்டன்வுட் விதைகள் பறக்கும் பருவத்தை உத்தேசித்து, முதலில் வேகமாகவும் பின்பு படிப்படியாகக் குறைத்தும் விடப்பட்டது. சில நாட்களுக்குள் அது சான் லூயிஸ் ரியோ கொலராடோ என்னும் ஊரை அடைந்தது. நதியின் பெயரைத் தன் பெயரில் தாங்கியிருந்தும் அந்த ஊரின் இளந்தலைமுறையினர் பாலத்தின் கீழே மணலைத் தவிர வேறொன்றும் கண்டறியாதவர்கள். ஊர் முழுவதும் ஆற்றில் இறங்கிவிட்டது. குழந்தைகள் நீந்தினார்கள், குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள், முதியவர்கள் தங்கள் வாலிபப் பருவத்து நதியைப் பேரர்களுக்குக் காட்டினார்கள். மே 15-ஆம் தேதி நதிநீர் கடலின் ஓதத்தைத் தொட்டது.

ஆனால் வெள்ளத்தின் பெரும்பகுதி அவ்வளவு தூரம் சென்றதென்று நினைத்துவிடலாகாது. கிணறுகளால் உறிஞ்சப்பட்டு நிலத்தடி நீர் பல மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிட்ட வறண்ட பகுதிகளில், நீரில் மிகுந்த பாகத்தை மணலே குடித்துவிட்டது. அந்த ஆண்டு கரையோரப் பசுமை கண்கூடாகப் பெருகிற்று, பறவைகளும் கூடின, ஆயினும் அடுத்தடுத்த வருஷங்களில் அந்தப் பசுமை திரும்பவும் குன்றியதை விஞ்ஞானிகள் ஒளிக்காமல் எழுதிவைத்தார்கள். டாமரிஸ்க் அடர்ந்து கிடந்த கரைகளில் பூர்வீக விதைகளுக்கு இடமே கிடைக்கவில்லை. முன்கூட்டியே புதர் நீக்கி, மண் திருத்தி, ஓடை வெட்டிவைத்திருந்த லகூனா கிராண்டே போன்ற இடங்களிலோ, காட்டன்வுட்டும் வில்லோவும் தாமாகவே முளைத்து, அறக்கட்டளையின் நீரைக் குடித்து, அடுத்த கோடையையும் தாண்டி நின்றன. பிற்பாடு அங்கே பீவர் என்னும் பிராணியும் வந்து குடியேறியது.

இந்தப் பாடம் வீண்போகவில்லை. 2017-இல் கையெழுத்தான மினிட் 323, 2026-ஆம் ஆண்டு இறுதி வரையில், 2,10,000 ஏக்கர்-அடி நீரை, அமெரிக்கா, மெக்ஸிகோ, தன்னார்வ ஸ்தாபனங்கள் ஆகிய மூவரும் சரிபாதியன்றிச் சரிமூன்றாகப் பகிர்ந்து தர வகை செய்தது. 2021-ஆம் ஆண்டு மே 1 முதல் அக்டோபர் 11 வரை விடப்பட்ட 35,000 ஏக்கர்-அடி, வறண்ட மேற்பகுதியில் வீணே மணலில் இறங்காதபடி, உழவர்களின் வாய்க்கால்கள் வழியே சுற்றிக் கொண்டுசெல்லப்பட்டு, கன்றுகள் காத்திருந்த கீழ்ப்பகுதியில் நதியில் சேர்க்கப்பட்டது. நதியை வறளச் செய்த வாய்க்கால்களே அதற்கு ஜலம் சுமந்தன.

எஞ்சிய கணக்கு

சரித்திரம் எழுதுபவன் வெற்றியை மட்டும் எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது. திருத்தப்பட்ட நிலம் சில நூறு ஹெக்டேர்களே. லியோபோல்டு கண்ட டெல்டாவின் அளவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறு துணுக்கு. நதியின் பெயராலேயே தங்களை அழைத்துக்கொள்ளும் குக்கபா குடியினரின் குறையும் தீர்ந்தபாடில்லை. வெள்ளம் வந்த காலத்தில் டெல்டாவில் தானே விளைந்த ஒருவகைக் காட்டுத்தானியத்தை அறுத்தும், மீன் பிடித்தும் வாழ்ந்த அவர்கள், நீர் நின்றபின் கழிமுகத்து மீனையே நம்பியிருந்தார்கள். 1993-இல் வளைகுடாவின் மேற்பகுதியும் டெல்டாவும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது, அவர்கள் தலைமுறை தலைமுறையாக வலைவீசிய இடம் மீன்பிடி விலக்கப்பட்ட நடுமண்டலத்துக்குள் அகப்பட்டுக்கொண்டது. நதியைக் கொன்றவர்கள் வேறெங்கோ இருக்க, அதைக் காப்பதற்கென்று இட்ட சட்டத்தின் பாரம் அதை என்றும் கெடுக்காத மக்களின் தலையில் வந்து விழுந்தது. இயற்கையைக் காக்கும் முயற்சி, அவ்விடத்து மக்களைச் சபையில் உட்காரவைக்காமல் தொடங்கினால், 1922-ஆம் ஆண்டின் பிழையையே நல்லெண்ணத்தோடு மறுபடியும் செய்ததாகும்.

யூமாவிலும் லகூனா கிராண்டேயிலும் காரியம் பலித்ததன் காரணமும் இதுவே. நிலத்துக்குடையவனும், ஜலத்துக்குடையவனும், கூலிக்கு நட்டவனும், விதையின் இயல்பை ஆராய்ந்தவனும் முதல் நாளிலிருந்தே அங்கே பங்காளிகளாயிருந்தார்கள். அரசாங்கங்களின் கையெழுத்து பின்னால் வந்து, முன்னமே நடந்துகொண்டிருந்த ஒன்றைப் பெரிதாக்கிற்று.

அடுத்த பகுதியில், யாரும் திட்டமிடாமல், அமெரிக்க வயல்களிலிருந்து வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட உவர்நீர் 1977 முதல் பாலைவனத்தில் வடிந்து தேங்கியதால் உண்டான சாந்தா கிளாரா சதுப்புநிலத்தின் கதையையும், அந்தக் கழிவுநீரைச் சுத்திகரித்து எடுத்துக்கொள்வதற்காகவே பெரும் பொருட்செலவில் யூமாவில் கட்டப்பட்ட ஆலை ஏன் பெரும்பாலும் ஓடாமலே நிற்கிறது என்பதையும் காண்போம்.